கடல்நாய்கள் கற்ற சொல்

அன்று காலை அவள் கேட்ட முதல் கடல்நாய் தப்பாகக் கூப்பிட்டது.

பெரிய தப்பு ஒன்றுமில்லை. வேறு யார் காதிலும் அது தப்பென்று பட்டிருக்காது. ஆராய்ச்சி நிலையத்தின் தரைத்தளத்துக்கும் கீழே, சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டி, வெளிச் சத்தம் பொட்டளவும் நுழையாதபடி அடைத்து வைத்த ஜன்னலில்லாத அறை அவளுடையது. உலகத்தின் கடைக்கோடியில், உறைந்து கிடக்கும் கடலுக்கு அடியில் தொங்கும் ஒரு மைக், அங்கே கேட்பதையெல்லாம் சாட்டிலைட் வழியாக அந்த அறைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால், நாற்காலியும் மேசையும் ஆறிப்போன காபியும் மறைந்துபோய், தலைக்கு மேலே பனிக்கூரையும் காலுக்குக் கீழே அடி தெரியாத கறுப்புத் தண்ணீருமாக ஆகிவிடும். பனி பனியோடு உரசி முனகுவது கேட்கும். எங்கோ தூரத்தில் பனிமலை பிளப்பது, பக்கத்து வீட்டில் அலமாரி சாய்ந்ததுபோல் கேட்கும். நடுநடுவே கடல்நாய்கள். பழைய ரேடியோவில் முள்ளைத் திருகித் திருகி ஸ்டேஷன் தேடும்போது வருமே ஓர் ஊளை, அப்படித்தான் அவை கத்தும். எந்தக் குரல் தாய், எந்தக் குரல் குட்டி, கடல் சூடாகிப் பனி மெலிய மெலிய அவை எந்தப் பக்கம் நகர்கின்றன என்று கேட்டுப் பிரித்துச் சொல்வது அவளுடைய தொழில். அவளுக்குக் கண் இரண்டு, காது இருபது என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள்.

தப்பு இதுதான். இந்த இனத்துக் கடல்நாயின் கூப்பாடு உச்சியில் தொடங்கி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். இது ஏறியது. இரண்டே அசை. முதல் அசை குறுகி, அடுத்தது நீண்டு, முடிகிற இடத்தில் கேள்வி கேட்பதுபோல் ஒரு தூக்குத் தூக்கி நின்றது.

குட்டியாக இருக்கும், பழகுகிறது என்று ஒதுக்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று அதே மாதிரி கூப்பிட்டது. அது குட்டியில்லை. கனத்த, வயதான குரல். பிறகு வெகு தூரத்திலிருந்து மற்றொன்று. அவள் காபியை எடுக்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தாள்.

அந்த வளைகுடாவில் மைக் இறக்கியது அந்த வருஷம்தான். வழக்கமாக இறக்கும் வளைகுடா அந்தக் குளிர்காலம் உறையவே இல்லை. கடலுக்குச் சூடு கண்டிருந்தது. ஆள் நிற்கிற அளவுக்குக்கூடப் பனி கட்டவில்லை. வேறு வழியில்லாமல், பல வருஷமாகச் சிவப்புக் கொடி நட்டு மூடி வைத்திருந்த இந்த வளைகுடாவில், துருவத்தில் இருக்கும் முகாமின் பொறியாளர் துளை போட்டு மைக்கை இறக்கினார். தாடி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். முகாமின் தலைவர் மட்டும் ஒப்பவில்லை. "அங்க வேண்டாம். இந்த வருஷம் ரெக்கார்டிங் இல்லாட்டி உலகம் அழிஞ்சிடாது" என்று கடைசி வரை மல்லுக்கு நின்றாராம்.

முகாமின் தலைவர் அவளுடைய கணவர்.

அவர் ஏன் மறுத்தார் என்பது அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. அந்தக் கரையோரத்தில்தான், மலைமுனைக்கு அந்தப் பக்கம், அவள் தம்பி செத்துப்போனான்.

தம்பிக்கு வீட்டில் வாலு என்று பெயர். பனியில் ஓடும் வண்டிகளைப் பழுது பார்க்கிற, ஓட்டுகிற வேலை. ஓர் இடத்தில் நிற்க மாட்டான், வாய் மூட மாட்டான். யார் பேசினாலும் அடுத்த நிமிஷம் அவர்களைப் போலவே பேசிக் காட்டிவிடுவான். அம்மா கோபத்தில் பாத்திரம் உருட்டுவதை, மேலதிகாரி தொண்டையைச் செருமுவதை, எல்லாவற்றையும்விட அவன் அத்தான் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பேசுவதை. முதுகைக் காட்டிக்கொண்டு அவன் பேசினால் கட்டின மனைவிக்கே அடையாளம் தெரியாது. அவனைத் துருவத்துக்குக் கூட்டிப்போனதும் அந்த அத்தான்தான். "அத்தை, இவன் என் பொறுப்பு" என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் கூட்டிப்போனார்.

திரும்பி வந்து அதே கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இது: "ஒரே நொடி அத்தை. எனக்கு முன்னால நடந்துகிட்டிருந்தான். பனி விட்டுடுச்சு. தண்ணிக்குள்ள போனவன் தலை தூக்கவே இல்ல. வலிகூடத் தெரிஞ்சிருக்காது."

அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இத்தனை வருஷமும் எழுந்து நடமாடினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். வலி தெரியலையாம். ஒரே நொடியாம்.

அன்று சாயங்காலம் அந்த ஒலித் துண்டை லேப்டாப்பில் வீட்டுக்கு எடுத்துவந்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சத்தத்தை மெதுவாக்கி, பனி முனகலை வடிகட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சமையலறையில் அம்மா வெங்காயம் நறுக்குகிற சத்தம். கத்தி பலகையில் படுகிற அந்தச் சீரான சத்தத்துக்கு நடுவே ஹெட்ஃபோன் இணைப்பு எப்போதோ கழன்றிருக்கிறது. அவள் கவனிக்கவில்லை. லேப்டாப்பிலிருந்து அந்தக் கூப்பாடு கூடம் முழுக்கக் கேட்டது.

கத்திச் சத்தம் நின்றது.

"என்னடா?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. மகன் கூப்பிட்டால் எப்படிக் கேட்பாளோ, அப்படி. கொஞ்சம் சலிப்பாக. கை வேலையை விடாமல்.

பிறகு அவளே ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்தது. "வாலு பேசினது எதையாச்சும் வச்சிருக்கியா? அத்தான்னு கூப்பிட்டானே இப்ப."

"அது கடல்நாய்ம்மா."

அம்மா லேப்டாப்பைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். "என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அன்று கத்திச் சத்தம் கேட்கவில்லை.

அவளுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் நிலையத்துக்குப் போகிற வழியில் தனக்குத்தானே நூறு சமாதானம் சொல்லிக்கொண்டாள். காது எதைக் கேட்க ஏங்குகிறதோ அதைக் கேட்கும். மேகத்தில் முகம் தெரியும், குழாய்த் தண்ணீரில் பேர் கேட்கும். அடித்தளத்துக்கு இறங்கும் படிகளில் வழக்கமாக வருகிற சுண்ணாம்பு வாசனைக்குப் பதிலாக அன்று ஏதோ உப்பு நெடி அடித்ததுபோல் இருந்தது. அதுவும் மனப்பிரமைதான் என்று எடுத்துக்கொண்டாள். அறைக் கதவைச் சாத்தினாள். கனத்த கதவு பஞ்சில் பதிந்து, உலகத்தின் சத்தம் அறுந்தது. ஹெட்ஃபோனை மாட்டினாள்.

கூப்பாடு வந்தது. இந்த முறை மைக்குக்கு வெகு பக்கத்தில்.

த்-தாஆன்?

சில நொடி அமைதி. குமிழிகள். அப்புறம் வேறொரு கடல்நாய், வேறொரு திசையிலிருந்து, பதில் சொன்னது. தாழ்ந்த, நிதானமான, எடை போட்டுப் போட்டு வைக்கிற குரல். அவள் அதைப் பிடித்து, மெதுவாக்கி, வடிகட்டினாள். பொத்தானை இரண்டு முறை தவறவிட்டாள்.

இரு. கயிறு கொண்டு வரேன்.

அது அவள் கணவர் பேசுகிற விதம். கயிறு என்பதில் முதல் எழுத்தை அழுத்தி, "வரேன்" என்பதை இழுக்காமல் வெட்டி நிறுத்துகிற அதே விதம்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். தெரிந்த தொழில் என்பதால், வேண்டாம் என்றாலும் மூளை தானாகக் கணக்குப் போட்டது. கடல்நாய்க் குட்டி ஒரு குரலை ஒரு முறை கேட்டுக் கற்றுக்கொள்ளாது. தாய் கூப்பிடக் கூப்பிட, விடாமல் கேட்கக் கேட்கத்தான் அதன் தொண்டையில் படியும். தம்பி செத்த வருஷத்துக் குட்டிகள் இன்று தாய்கள். அவை தங்கள் குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. அப்படியானால் ஆதியில் அதைச் சொன்னவன் எவ்வளவு நேரம் சொல்லியிருக்க வேண்டும்?

அந்தத் தண்ணீரில் மனிதன் கொஞ்ச நேரம்தான் தாங்குவான். ஆகவே அவன் தண்ணீரில் இல்லை.

கரையோரம் கடல் ஏறி இறங்கும்போது பனிப்பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சாய்ந்து நிற்கும். அவற்றுக்கு அடியில் பொந்துகள் இருக்கும். காற்று உண்டு, உட்கார மேடு உண்டு. மேலே ஏற மட்டும் வழி கிடையாது. தாய்க் கடல்நாய்கள் குட்டிகளோடு மூச்சுவிட வருகிற இடம் அது. அவள் தம்பி அப்படி ஒரு பொந்தில் விழுந்திருக்கிறான். இருட்டில் உட்கார்ந்து கூப்பிட்டிருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வழுவழுப்பான தலைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து எழுந்து, மூச்சு வாங்கி, அவனைப் பார்த்துக்கொண்டு, அவன் சொன்னதைக் கேட்டிருக்கின்றன.

பதில் சொன்ன குரலும் அவனுடையதுதான். அது அவளுக்குக் கடைசியாகத்தான் புரிந்தது. புரிந்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் அதைச் சொன்னது ஒரு முறைதான் இருக்கும். அதற்குப் பிறகு அந்த இருட்டில் அவன் அத்தானைப் போலவே பேசிக் காட்டியிருக்கிறான். தனக்குத்தானே. தைரியத்துக்கு. கூப்பிடுவதும் அவன், வரேன் என்பதும் அவன்.

கணவருக்குப் போன் போட்டாள். சாட்டிலைட் போனில் நாம் பேசியது அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் ஆகும். பதில் வரக் கொஞ்சம் ஆகும். அந்த இடைவெளியில் இரைச்சல் மட்டும் ஓடும்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார், எப்போதும் போல.

"வாலு எத்தனை நாள் உயிரோட இருந்தான்?"

இரைச்சல் ஓடியது. பேச்சு போய்ச் சேர்ந்திருக்கும். பதில் புறப்பட்டிருக்கும். அதற்கான நேரமும் கடந்தது.

"யார் என்ன சொன்னா?" என்றார்.

"கடல்நாய் சொல்லுது. உங்க குரல்லயே சொல்லுது. கயிறு கொண்டு வரேன்னு."

அவர் அழவில்லை. கூட்டத்தில் விளக்கம் சொல்வதுபோல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். அந்த வழி ஆபத்து என்று சிவப்புக் கொடி நட்டவரே அவர்தான். கருவி வைக்கச் சுருக்கு வழி என்று அவரே கொடியைத் தாண்டி வாலுவைக் கூட்டிப்போனார். பனி விட்டது. உள்ளேயிருந்து கூப்பிட்டான். கயிறு எடுத்துவரத் திரும்பினார். நடக்க நடக்கத்தான் யோசனை வந்தது. கொடியைத் தாண்டினது தெரிந்தால் முகாம் போகும், பதவி போகும், இத்தனை வருஷத்து உழைப்பும் போகும். மலைமுனைக்கு அந்தப் பக்கம் என்று வாயில் வந்துவிட்டது. எல்லோரும் அங்கே ஓடினார்கள்.

"அப்புறம் நானே தனியாப் போய் எடுத்துடலாம்னு இருந்தேன். ஆள் நடமாட்டம். போக முடியல. ரெக்கார்டிங் குடிசைல வந்து ஹெட்ஃபோனை வச்சா, அந்தப் பழைய வளைகுடா மைக்லயும்..."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தீங்களா?"

"சத்தம் நின்ன அன்னிக்குத்தாம்மா எனக்குத் தூக்கமே வந்துச்சு."

அந்த வாரத்து ரெக்கார்டிங் மெஷின் கோளாறில் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். அவள் அதை நம்பியிருந்தாள். அவரோடு ஒரே கட்டிலில் படுத்திருந்தாள். தம்பிக்கு வலி தெரியவில்லை என்று அவர் தோளில்தான் சாய்ந்து அழுதிருந்தாள். அந்தத் தோள் ஞாபகம் வந்ததும் கன்னம் கூசியது. அங்கே ஏதோ ஊர்வதுபோல் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப அங்க போறேன்" என்றார் அவர். குரல் முதல் தடவையாக உடைந்தது. "அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். நீ கேட்டுக்கிட்டே இரு. உன் காது கேக்க, அவன்கிட்ட சொல்றேன்."

போன் அணைந்தது. பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். பனியின் முனகல். குமிழி. தூரத்து ஊளை. வெகு நேரம் கழித்து, தலைக்கு மேலே, பனிக்கூரையின் மறுபுறம், வண்டியின் உறுமல் நெருங்கி வந்து நின்றது. பூட்ஸ் காலடிகள். அரைபடும் பனி. மைக்கின் துளை பக்கம் வந்து நின்றன.

கடல்நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன.

அத்தனை வருஷத்தில் அவள் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. ஒரு குமிழிகூட இல்லை. கடல் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

அவர் பேசுவார் என்று காத்திருந்தாள். பேசவில்லை. அதற்குப் பதில் இரும்பு உரசுகிற சத்தம். கிறீச், கிறீச் என்று கேபிள் சுற்றும் உருளையின் கைப்பிடி. மைக் மேலே போகத் தொடங்கியது.

மன்னிப்புக் கேட்க வரவில்லை அந்த மனுஷன். மைக்கைப் பிடுங்க வந்திருக்கிறார்.

அவள் திரையைப் பார்த்துக் கத்தினாள். பஞ்சுச் சுவர்கள் அந்தக் கத்தலைத் தின்றுவிட்டன.

கிறீச். கிறீச். மைக் பனித்துளையின் வாயை நெருங்க நெருங்கத் தண்ணீர் உரசுகிற சத்தம் மெலிந்தது. பிறகு கைப்பிடி நின்றது. எதிலோ மாட்டியதுபோல் கேபிள் விண்ணென்று இறுகியது. அவர் பல்லைக் கடித்து இழுப்பது கம்பி வழியாகவே அவள் காதில் அதிர்ந்தது. இழுத்தார். கீழேயிருந்து யாரோ இழுத்தார்கள். இழுத்தார். இழுத்தார்கள்.

மைக்கின் மேல் ஒரு கை படிந்தது.

துடுப்பில்லை. கை. விரல்கள் ஒவ்வொன்றாக மூடுவது கேட்டது. நகம் உலோகத்தில் பட்டது. அப்புறம் ஒரு குரல். ஊளையில்லை, வடிகட்ட வேண்டியதில்லை, மெதுவாக்க வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்தில் நின்று பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாக, சந்தோஷமாக.

"அத்தான். கயிறு வந்துருச்சு."

பனி உடைந்தது.

அந்தச் சத்தம் அவள் மண்டைக்குள் வெடித்தது. அப்புறம் தண்ணீர். கனமான ஒன்று விழுந்து புரளும் தண்ணீர். பூட்ஸ் உதைக்கும் தண்ணீர். அவர் குரல், வாய் நிறையக் கடலோடு, அவளைக் கூப்பிட்டது. ம்மா. ம்மா. ம்மா. கீழே இறங்கியபடியே.

யோசிக்கத் துளி நேரம் இருந்தது. போனை எடுக்காமல் இருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அந்த எண்ணம் வந்ததும், அது யாருடைய எண்ணம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அருவருப்பாக இருந்தது. போனைப் பாய்ந்து எடுத்தாள்.

"தாடி சார், மைக் போட்ட இடம். அவர் விழுந்துட்டார். மலைமுனைக்கு இந்தப் பக்கம். சரியா கேளுங்க, இந்தப் பக்கம். கயிறு எடுத்துக்கிட்டு ஓடுங்க!"

அவர்கள் ஓடினார்கள். தாடி போனை அணைக்கவேயில்லை. ஒரு காதில் ஹெட்ஃபோனும் மறு காதில் போனுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். கீழே அவர் குரல் எப்போதோ அடங்கியிருந்தது. கடல்நாய்களும் பேசவில்லை. ஏதோ வழவழப்பானது மைக்கைச் சுற்றிச் சுற்றி உரசிப் போய்க்கொண்டிருந்தது.

போனில் மூச்சிரைப்பு. காலடிகள் நின்றன. போனைவிட மைக்கின் சத்தம் முந்தி வரும் என்பதால், அதே காலடிகள் சற்று முன்பே ஹெட்ஃபோனில் நின்றிருந்தன.

"மேடம், வண்டி நிக்குது. ஆளைக் காணோம். பனி உடைஞ்ச மாதிரியும் இல்ல. நாங்க போட்ட துளை அப்படியே இருக்கு. கேபிள் உள்ள இறங்கிக் கிடக்குது."

"உடைஞ்சது. நான் கேட்டேன்."

"இல்ல மேடம். இருங்க."

இரைச்சல்.

"மேடம், உருளை சுத்துது."

"நிறுத்துங்க."

"யாரும் தொடல மேடம். தானாச் சுத்துது. கேபிள் மேல வருது."

விட்டுவிட்டு ஓடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஹெட்ஃபோனில் மைக் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த கையும் கூடவே ஏறியது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை. அதற்கும் கீழே வேறு கைகள். நனைந்த பிடிகள். ஒன்றை விட்டு ஒன்று. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

தண்ணீரின் சத்தம் அறுந்தது. காற்றின் சத்தம் தொடங்கியது. மைக் வெளியே வந்துவிட்டது.

யாரோ அடைத்திருந்த மூக்கைத் திறந்து, புஸ்ஸென்று மூச்சுவிட்டார்கள். பிறகு இன்னொருவர்.

"தாடி சார்?"

போனில் பல் தந்தியடிப்பது மட்டும் கேட்டது.

"என்ன தெரியுது? சொல்லுங்க."

"ரெண்டு தலை" என்றார் அவர், ரகசியம் சொல்வதுபோல். "துளைக்குள்ள. தோள் வரைக்கும். மேடம், முகம்... முகம் சரியா இல்ல. கண்ணு பெருசா இருக்கு. முழுக்கக் கறுப்பா. எங்களையேதான் பாக்குது. வாயைத் திறக்குது."

ஹெட்ஃபோன் இருந்த காதில் அவள் தம்பி, "அத்தான்?" என்றான்.

அவள் கணவர், "வரேன்" என்றார்.

சற்றுப் பொறுத்து, சாட்டிலைட் சுற்றிக்கொண்டு, போன் இருந்த காதிலும் அதையே இருவரும் சொன்னார்கள். அதற்குள் முதல் காதில் மறுபடியும் தொடங்கிவிட்டார்கள். இப்போது அவர்களோடு சேர்ந்து, பனிக்கு அடியில், வளைகுடா முழுக்கக் கடல்நாய்களும்.